வாசகர் கேள்வி – பதில்: தனி ஒருவருக்கு இராச்சாப்பாடு

கேள்வி: எனக்குத் திருமணமாகி நான்கு வருடங்கள். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். அவர் நிற்கும் நாட்களில் விதம்விதமாகச் சமைக்கும் எனக்கு, அவர் போன பின்னர் குசினிக்குள் போகவே மனம் வருவதில்லை. கந்தோரால் வந்ததும் பாணும் சம்பலும், சில நாட்களில் வெறும் பிஸ்கற்றும் தேநீருமாக இரவு கழிந்துவிடுகிறது. எப்போதாவது சமைத்தாலும் அளவு பிடிபடாமல் மிஞ்சிப்போய், மூன்று நாளைக்கு அதையே சூடாக்கிச் சாப்பிடுகிறேன். தனி ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவது வீண் செலவு என்று மாமியும் சொல்கிறார். அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் எனக்கு இரும்புச்சத்துக் குறைவு என்று தெரியவந்தது. நான் என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: உங்கள் மாமி சிக்கனத்தை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தக் கணக்கை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு வரும் ஒருவருடைய பசி, பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் மாத்திரம் சோறு கேட்கும் பசி அல்ல. உங்கள் கணவருக்கு எது நல்ல சாப்பாடு என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அது உங்களுக்கும் நல்ல சாப்பாடுதான். அதை மாதத்தில் நான்கைந்து நாட்களுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணவர் வெளியூரில் இருப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் வேலையிலும் இருந்தவர்கள், தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர்கள், கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேருடைய மனைவிமார் இங்கே இருந்து குடும்பம் நடத்தினார்கள். ஆனால் அந்த வீடுகளில் தாயும் மாமியும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவர் இல்லாததால் அடுப்பு அணையவில்லை. இன்று இரண்டே பேர் உள்ள வீட்டில் ஒருவர் ரயிலேறியதும் மற்றவருக்காகச் சமைப்பதற்கு ஆளில்லாமற் போகிறது. ஆகவே உங்களுக்கு மனம் வராமல் இருப்பதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருக்குச் சமைக்கும் வழக்கத்தை யாரும் உங்களுக்குப் பழக்கித் தரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் இதுவரை செய்துவந்தது, இருவருக்கான சோறு கறியை அரைவாசியாகக் குறைக்கப் பார்த்தது என்று நினைக்கிறேன். அது கடினமான வேலை. ஒருவருக்காக மூன்று கறி வைப்பதற்கும் மூன்று சட்டி கழுவத்தான் வேண்டும். அதைவிட, இயல்பாகவே சிறிய அளவில் செய்யக்கூடியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நமது ஊர் வழக்கத்தில் சோறு பகலுக்கு உரியது. இரவுக்குப் புட்டு, இடியப்பம், ரொட்டி என்று இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. இவற்றில் புட்டைப் போலத் தனியாளுக்கு ஏற்ற உணவு வேறில்லை என்பது என் எண்ணம். வறுத்த அரிசிமா காற்றுப்புகாத பேணியில் பல வாரங்கள் கெடாமல் இருக்கும். ஒருவருக்கு ஒரு சிறிய கோப்பை மா போதும். விரும்பினால் அதில் ஒரு கைப்பிடி அவித்த கோதுமை மாவைக் கலந்து, உப்புச் சேர்த்து, கொதித்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். சூடு தணிந்ததும் அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்தி, மணிமணியாக உதிர்ந்து வரும்போது தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டு அவியுங்கள். ஆவி மேலே வந்து, பச்சை மா வாசம் போய் ஓலையின் மணமும் மாவின் மணமும் சேர்ந்து எழும்போது இறக்கிவிடலாம். பனையோலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் சிறிய நீத்துப்பெட்டியும் கிடைக்கும். பெரிய பெட்டியின் அடியில் ஒரு பிடி மாவைப் போட்டு அவிப்பதைவிட, அளவான பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருப்பது மனத்துக்கும் நல்லது.

கறிக்கு நேரம் இல்லாத நாளில், கொத்திய மாவுடன் ஒரு பிடி முருங்கையிலை, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், சுத்தம் செய்த சிறிய இறால் அல்லது நெத்தலி ஆகியவற்றைச் சேர்த்து அவித்தால் அதுவே முழுச் சாப்பாடாகிவிடும். இன்னொரு நாள் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு முட்டைப்பொரியலும் போதும். உடம்புக்கு இயலாத நாளில் பாசிப்பயறு போட்ட கஞ்சி வைத்து, வேப்பம்பூ வடகம் இரண்டு பொரித்துக்கொள்ளுங்கள். ஒடியற்கூழை மாத்திரம் தனியாளுக்கு நான் சொல்லமாட்டேன். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை என்று எல்லாம் சேர வேண்டிய கூழைச் சிறு சட்டியில் காய்ச்சினால் அதற்குரிய ருசி வராது. அதைக் கணவர் வரும் சனிக்கிழமைக்கு வைத்திருங்கள்.

அவர் நிற்கும் நாட்களில் எப்படியும் கூடுதலாகச் சமைக்கிறீர்கள்; அந்த உழைப்பிலேயே அடுத்த கிழமைக்குரியதையும் எடுத்துவைக்கலாம். வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, வெந்தயம் தாளித்து, தூளும் புளியும் சேர்த்து, தேங்காய்ப்பால் விடாமல் வற்றக் காய்ச்சிய குழம்பைச் சிறு சிறு கிண்ணங்களில் ஆறவைத்து உறைகுளிரில் வைத்துவிட்டால், கந்தோரால் வந்து ஒரு கிண்ணத்தை இளக்கி, நான்கு கத்தரிக்காய்த் துண்டோ இரண்டு துண்டு மீனோ போட்டுக் கொதிக்கவைத்து, கடைசியில் சிறிது பால் விட்டு இறக்கலாம். மீனும் அப்படியே. பாசையூரிலோ சந்தையிலோ சின்ன மீனைக் கூறாகத்தான் விற்பார்கள். ஒரு கூறு உங்களுக்கு ஒருநாளில் முடியாது. வாங்கிவந்த உடனேயே வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஒரு வேளைக்கு உரியதை ஒரு பையாகப் பிரித்து உறையவையுங்கள். மொத்தமாக உறையவைத்துவிட்டு, இளக்கி எடுத்து, மிஞ்சியதைத் திரும்ப உறையவைப்பது கூடாது.

இரும்புச்சத்து விடயத்தில் மருத்துவர் தந்த மாத்திரையை அவர் சொன்னபடியே தொடருங்கள். சாப்பாட்டால் அதற்குத் துணை செய்யலாம். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், பிஸ்கற்றையும் தேநீரையும் ஒன்றாக எடுக்கும் உங்கள் இரவுப் பழக்கத்தை முதலில் மாற்றவேண்டும். தேநீர் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடியுங்கள். கீரை வறைக்கு இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விடுவது நம் வழக்கம். அந்தப் புளியில் உள்ள உயிர்ச்சத்து சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்புச்சத்து இன்னும் இலகுவாகச் சேரும்.

மற்றொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். சமைத்ததைச் சட்டியோடு வைத்து, நின்றபடி அள்ளிச் சாப்பிடாதீர்கள். கோப்பையில் பரிமாறி, இருந்து சாப்பிடுங்கள். உங்கள் கணவரும் அங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறார்; இருவருக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, தொலைபேசியில் முகம் பார்த்தபடி சாப்பிட்டால், அவரும் கடைக் கொத்துரொட்டியைக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: என் மனைவி வவுனியாவில் தாதியாகப் பணிபுரிகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிழமைக்குரிய சோறு, கறிகளைச் சமைத்துக் குளிர்சாதனப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போகிறார். வியாழக்கிழமையும் அந்தச் சோற்றைத்தான் சூடாக்கிச் சாப்பிடுகிறேன். இது உடலுக்குக் கேடா? எனக்குப் பருப்பு மட்டுமே காய்ச்சத் தெரியும்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை வியாழக்கிழமை சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அரிசியில் இருக்கக்கூடிய பசிலஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதியில் அழிவதில்லை. சமைத்த சோறு வெளியில் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. நமது வெக்கையில் சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து, 5 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிரில் வைத்து, அடுத்த நாளுக்குள் ஒரே ஒரு தடவை நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடிப்பதே பாதுகாப்பு. கறிகளை மூன்று நாள் வரை வைக்கலாம். பால்கறியும் சொதியும் விரைவில் புளித்துவிடும் என்பதால் அவற்றை அன்றன்றே முடித்துவிடுங்கள். சாமம் வரை வேலை செய்து களைத்து வரும் ஒருவர், கிடைக்கும் ஒரு விடுமுறை நாளையும் உங்கள் அடுப்படியில் கழிக்கிறார். அவர் வைத்துவிட்டுப் போவது கறிகள் இரண்டாக இருக்கட்டும்; சோறும் மிச்சமும் உங்கள் பொறுப்பாகட்டும்.

பருப்புக் காய்ச்சத் தெரிந்தவருக்கு முட்டைச் சொதி பெரிய காரியமல்ல. ஒரு சிறு வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், ஒரு தக்காளி, சிறிது வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இரண்டாம் பாலில் போட்டு அவியவிடுங்கள். வெங்காயம் வெந்ததும் நெருப்பைக் குறைத்து, ஒரு முட்டையை மெதுவாக உடைத்து ஊற்றி, அகப்பை போடாமல், வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை விடவேண்டும். பின்னர் முதற்பாலை விட்டு, விளிம்பில் நுரை கட்டி ஒரு கொதி எழும்போதே இறக்கிவிடுங்கள். பால் விட்டபின் கொதிக்கவிட்டால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பின்னரே விடவேண்டும். ஒரு தேங்காய் தனியாளுக்கு ஒரு தடவையில் முடியாது. ஆகவே முழுவதையும் துருவி, வேளைக்கு வேளை பிரித்து உறையவைத்தால் தினமும் திருவலையோடு இருக்கத் தேவையில்லை. அவிக்க நேரமில்லாத நாளில் கடையில் இடியப்பம் வாங்கிக்கொண்டால், இந்தச் சொதியோடு சாப்பாடு முடிந்துவிடும்.

சோற்றுக்கு அரைச் சுண்டு அரிசி போதும். அது அன்றிரவுக்கும் அடுத்த நாள் பகல் பொதிக்கும் காணும். பெரிய குக்கரில் இவ்வளவு கொஞ்ச அரிசி அடியில் காய்ந்து பிடித்துவிடும் என்பதால், ஒரு சிறிய பானையில் வடித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் வீட்டில் படுக்கப் போகுமுன் காஸ் சிலிண்டரின் திருகியை மூடிவிட்டீர்களா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறேன். கணவர் பின்னேரம் கடலுக்குப் போனால் விடியத்தான் கரைக்கு வருவார். அவர் இல்லாமல் எனக்குச் சாப்பிட மனம் வராது. சில இரவுகளில் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தேநீருடன் படுத்துவிடுகிறேன். குரக்கன்புட்டு என்றால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்கிறார்களே, அது சரியா?
– வாசகி, குருநகர்

பதில்: அம்மா, இதை உடனே மாற்றவேண்டும். நீரிழிவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். வீட்டில் வேறு ஆளில்லாத இரவில் அது ஆபத்தானது. உங்கள் மாத்திரை அந்த வகையா என்பதை அடுத்த கிளினிக்கில் தவறாமல் கேளுங்கள். அதுவரை மாத்திரைக்குரிய நேரத்தில் அளவாகவேனும் சாப்பிட்டுவிடுங்கள். கணவர் கடலுக்கு இறங்குமுன் இருவருமாக இருந்து சாப்பிட முடியுமானால் அந்த வேளையையே உங்கள் இராச்சாப்பாடாக வைத்துக்கொண்டு, மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். குரக்கனில் நார்ச்சத்து உண்டு என்பது உண்மை; ஆனால் அதுவும் மாப்பொருள்தான், அளவில்லாமல் சாப்பிட்டால் சீனி ஏறும். ஒரு சிறிய கோப்பையளவு குரக்கன்புட்டுடன் முருங்கையிலை வறையைக் கூட்டி, தேங்காய்ப்பூவைக் குறைத்து, கணவர் கொண்டுவரும் மீனில் இரண்டு துண்டைப் பொரிக்காமல் புளி விட்டுக் குழம்பாக்கிச் சாப்பிடுங்கள்.