கேம்பர் வேனுக்கு எந்த இன்சூரன்ஸ்? வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

உள்ளேயே தங்கிச் சமைத்துக்கொள்கிற கேம்பர் வேன் வைத்திருப்பவர்களும் இனிமேல் கட்டப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் இந்தப் பகுதியில் மோட்டார் சர்வேயராக, அதாவது சேதமான வண்டியைப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுபவராக, வேலை பார்த்தவன். எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை.

காட்பாடியிலிருந்து: சார், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி உள்ளே படுக்கை, சமையல் மேடை, பாத்ரூம் எல்லாம் வைத்திருக்கிறேன். மூன்று கம்பெனியில் கொட்டேஷன் வாங்கினேன். குறைந்ததற்கும் கூடியதற்கும் 11,000 ரூபாய் வித்தியாசம். எதை எடுக்கட்டும்?

மூன்றையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். முதலில் ஆர்.சி.யை (பதிவுப் புத்தகத்தை) எடுத்துப் பாருங்கள். அதில் இன்னும் "மேக்ஸி கேப், 12 சீட்" என்றுதானே இருக்கிறது? அப்படியானால் மூன்று கொட்டேஷனுமே உங்கள் வண்டிக்குப் போட்டவை இல்லை, ஆர்.சி.யில் எழுதியிருக்கிற வண்டிக்குப் போட்டவை.

நம் ஊரில் மோட்டார்ஹோமுக்கென்று தனிப் பாலிசி கேட்டால் பெரும்பாலான ஆபீஸில் முழிப்பார்கள். பிரைவேட் கார் பேக்கேஜ் அல்லது கமர்ஷியல் வண்டிப் பாலிசி, இரண்டில் ஒன்றில்தான் உங்களை உட்கார வைப்பார்கள். எதில் என்பதை ஆர்.சி.யில் உள்ள வகைதான் முடிவு செய்கிறது. மத்திய அரசு 2004-ல் வெளியிட்ட வண்டி வகைப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வண்டிகளில் வருகிறது. அந்த வகைக்கு மாற்றிக்கொள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பிக்க வேண்டும். வேலையை ஆரம்பிக்கும் முன்பே செய்திருக்க வேண்டியது, பரவாயில்லை, இப்போதாவது போங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்று இருக்கிறது.

அபராதத்தை விடுங்கள், கிளைம் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சர்வேயர் வந்ததும் முதல் வேலையாகச் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார். அடுத்து ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே ஏறி சீட்டுகளை எண்ணுவார். புத்தகத்தில் 12 இருக்கும். உள்ளே நாலு சீட், ஒரு கட்டில், ஒரு சிங்க், அடியில் தண்ணீர் டேங்க் இருக்கும். அவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் கண்ணால் பார்த்ததை ரிப்போர்ட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கப்புறம் நீங்கள் எந்தக் கம்பெனியில் எடுத்திருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான் போகும்.

ஆர்.சி. சரியான பிறகு ஒப்பிடுங்கள். தேர்ட் பார்ட்டி கட்டணம், அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் நஷ்டத்துக்கானது, அரசு நிர்ணயிப்பது, எங்கே போனாலும் ஒன்றுதான். 1500 சி.சி.க்கு மேற்பட்ட பிரைவேட் காருக்கு 2022 ஜூனில் வைத்தது 7,897 ரூபாய். கமர்ஷியல் என்றால் அடிப்படைத் தொகையோடு சீட்டுக்கு இவ்வளவு என்று கூடும், அதனால் கழற்றிய சீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆக உங்கள் 11,000 வித்தியாசம் நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான சொந்த டேமேஜ் பகுதியில்தான் ஒளிந்திருக்கிறது. மூன்று தாளிலும் ஐ.டி.வி. என்ற கட்டத்தைப் பாருங்கள். அதுதான் வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் தொகை. 5 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது பேசி முடிவு செய்கிற தொகை. குறைந்த கொட்டேஷன்காரர் அதைத்தான் வெட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணே, வண்டி 12 லட்சம், உள் வேலை 6 லட்சம். ஃபுல் இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறேன். 18 லட்சமும் கவர் ஆகுமில்லையா?

ஆகாது தம்பி. இந்தக் கேள்வி இன்னும் பல பேரிடமிருந்து வந்திருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஐ.டி.வி. என்பது கம்பெனியிலிருந்து வந்த வண்டியின் விலையை வைத்துப் போடுவது. நீங்கள் பிறகு வைத்த சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், ஏ.சி. எதுவும் அதில் இல்லை. மின்சாரச் சாமான்களை விலையோடு தனியாக எழுதிக் கொடுத்து அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டும். பழைய டாரிஃப் வழக்கப்படி மதிப்பில் 4 சதவீதம். 3 லட்சத்துக்குச் சாமான் என்றால் 12,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 14,160. கட்டில், அலமாரி, சமையல் மேடை போன்றவை மின்சாரம் சாராத உபரிப் பொருட்கள், அவற்றையும் தனி வரியில் காட்டச் சொல்லுங்கள். பாலிசி ஷெட்யூலில் "எலக்ட்ரிக்கல் அக்ஸஸரீஸ்", "நான் எலக்ட்ரிக்கல் அக்ஸஸரீஸ்" என்று இரண்டு கட்டம் இருக்கும். இப்போதே எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் இருந்தால் உங்கள் 6 லட்சத்துக்குக் கவரே இல்லை. ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

அடுத்தது தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. மரம் உட்பட மற்ற எல்லாவற்றுக்கும் வண்டியின் வயதுப்படி கழிவு, 5 வருஷம் தாண்டினால் 40 சதவீதம், 10 தாண்டினால் 50. கேம்பர் வேனுக்குள் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் டேங்க், ஃபைபர் சுவர், பேட்டரி, பிளைவுட். அதிகம் கழிகிற பொருளாகவே நிறைந்த வண்டி இது. அதனால்தான் சாதாரண காருக்கு, இந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கிற பம்பர் டு பம்பர் வேண்டுமா என்று யோசிக்கிறவர்கூட இதற்கு யோசிக்கக் கூடாது என்பேன். ஆனால் அது நீங்கள் சேர்த்த சாமான்களுக்கும் செல்லுமா, வண்டியின் ஒரிஜினல் பாகங்களுக்கு மட்டுமா என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெயில் போட்டு பதிலை மெயிலிலேயே வாங்கி வையுங்கள். உள் வேலை செய்த பட்டறையில் ஜி.எஸ்.டி. பில், சாமான் வாரியாகப் பிரித்து எழுதியது, அதுவும் கட்டாயம். "கேரவன் வேலை மொத்தம் 6 லட்சம்" என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வைத்து எந்த சர்வேயரும் எதையும் மதிப்பிட முடியாது.

துணிமணி, லேப்டாப், கேமரா, பாத்திரம் எல்லாம் வண்டிப் பாலிசியில் வராது. பர்சனல் பிலாங்கிங்ஸ் என்று ஒரு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கிற கவர்) உண்டு, வரம்பு சின்னது.

ஆற்காட்டிலிருந்து: சனி, ஞாயிறு மட்டும் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடலாமா? ஓன் போர்டுதான்.

விடாதீர்கள். ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டிப் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. விபத்தானதும் உள்ளே இருந்தவர்களிடம் "எவ்வளவு கொடுத்தீர்கள்" என்று கேட்பார்கள். இந்தக் காலத்தில் பணம் போன தடயம் போனிலேயே கிடக்கிறது. 2010-ல் அமலேந்து சாகு வழக்கில், தனியார் பாலிசியில் இருந்த வண்டி வாடகைக்கு ஓடியிருந்தும், மொத்தமாக மறுக்காமல் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதை நம்பி வண்டியை வெளியே விட வேண்டாம், உச்ச நீதிமன்றம் வரை போவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். வாடகைதான் தொழில் என்றால் பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), கமர்ஷியல் பாலிசி என்று நேர் வழியில் போங்கள். அப்படிப் போகும்போது ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத கமர்ஷியல் பாலிசியில் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, டயர், பெயின்ட் இதெல்லாம் சேதமானால், வண்டியே முழுசாகப் போனால் தவிர, பணம் வராது. மலைப்பாதையில் உரசுவது அந்தப் பாகங்கள்தான்.

ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா: என் மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கிறார்களாம். கார் இன்சூரன்ஸ் இருக்கிறது, கிரெடிட் கார்டிலும் கவர் உண்டு என்கிறாள். போதுமா?

இரண்டையுமே நம்பிப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. வாடகைக் காருக்குத் தருகிற கிரெடிட் கார்டு பாதுகாப்பில் மோட்டார்ஹோமை விலக்கி வைப்பது அங்கே வழக்கம். சொந்தக் கார் பாலிசி வாடகை மோட்டார்ஹோமுக்கும் செல்லுமா என்று அவர் கம்பெனியிடம் எழுத்தில் கேட்கட்டும். இல்லையென்றால் வாடகைக்கு விடுகிறவர் தருகிற பாதுகாப்பை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதில் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நம் கையிலிருந்து போகும் முதல் தொகை எவ்வளவு, கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் கவர் உண்டா, மூன்றாம் ஆளுக்கு நஷ்டஈடு எவ்வளவு வரை. பழக்கமில்லாத உயரமான வண்டியில் கூரை இடிப்பதுதான் முதலில் நடக்கும், பல ஒப்பந்தங்களில் அதைத்தான் விலக்கியிருப்பார்கள். கலிஃபோர்னியாவின் குறைந்தபட்ச வரம்பு 2025 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது போதாது, கூடுதலாக எடுக்கட்டும்.

அங்கே சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு மோட்டார்ஹோம் பாலிசி தனியாகவே இருக்கிறது. அன்றைய சந்தை மதிப்பா, முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பா என்று தேர்ந்தெடுக்கலாம். உள்ளே உள்ள சாமான், வெளியே இழுக்கிற பந்தல், அதிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கான பொறுப்பு எல்லாம் சேர்க்கலாம். நம் ஊரிலும் அப்படி ஒரு பாலிசி வர வேண்டும் என்பது என் ஆசை.

வாணியம்பாடியிலிருந்து: ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால் இறக்கிக் கொண்டுவரும் செலவு யாருடையது?

சாதாரண பிரைவேட் பாலிசியில் இழுத்துச் செல்ல 1,500 ரூபாய்தான் வரம்பு, அதுவும் விபத்தானால். பிரேக்டவுனுக்கு ரோட் சைடு அசிஸ்டன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது உங்கள் வண்டியின் எடையைச் சொல்லிக் கேளுங்கள். கார் தூக்குகிற வண்டியை அனுப்பினால் டிராவலருக்கு உதவாது. இலவச தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பாருங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: வருஷத்தில் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இன்சூரன்ஸை விட்டுவிட்டு, போகும்போது போட்டுக்கொள்ளலாமா?

வாசலில் நின்றாலும் தெரு பொது இடம்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. காலாவதியாகி 90 நாள் தாண்டினால் கிளைம் கேட்காத வருஷங்களுக்காகச் சேர்த்து வைத்த தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும், அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கக்கூடும். வெயிலில் நிற்கிற வண்டியில் லித்தியம் பேட்டரி, வயரிங் என்று தீப்பிடிக்கிற பொருள் இருக்கிறது, நிற்கும்போதுதான் கவர் வேண்டும். உங்களுக்குப் பொருத்தமானது ஓடுகிற கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் கட்டுகிற திட்டம். 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதற்கு அனுமதி தந்தது. தேர்ட் பார்ட்டி கட்டணம் குறையாது, சொந்த டேமேஜ் பகுதி குறையும். ஒரே ஒரு காசிப் பயணம் வைத்தாலும் கிலோமீட்டர் கணக்கு ஏறிவிடும், அதனால் அடுத்த வருஷப் பயணத்தை யோசித்துக் கிலோமீட்டர் வரம்பைத் தேர்ந்தெடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: கார் லைசென்ஸ் போதுமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். கமர்ஷியல் வண்டிக்கும் அதே லைசென்ஸ் செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

பள்ளிகொண்டாவிலிருந்து: நேபாளம் போகிறோம். இதே பாலிசி செல்லுமா?

தானாகச் செல்லாது. எல்லை விரிவாக்கம் என்று சின்னத் தொகை கட்டி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் எழுதித் தருகிற சேர்க்கை) வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

மேல்விஷாரத்திலிருந்து: 2021 நவம்பர் மாதிரி பாலாற்றில் மறுபடி வெள்ளம் வந்து வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால்? கேஸ் சிலிண்டர் வைத்திருப்பதால் கிளைம் தள்ளுபடி ஆகுமா?

வெள்ளம் ஃபுல் இன்சூரன்ஸில் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பினால் இன்ஜினுக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்குக் கொடுத்தது. அதை வண்டியில் வைத்துத் தீ விபத்து வந்தால் கிளைமைவிடப் பெரிய வழக்கு வரும். குழந்தைகள் தூங்குகிற இடத்துக்கு இரண்டடியில் சிலிண்டர் நிற்கிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். 5 கிலோ சிலிண்டரை ரசீதோடு வாங்கி, வெளிக் காற்று போகிற தனி அறையில், அசையாமல் கட்டி வையுங்கள். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அடுப்பு வைத்திருப்பதைப் பாலிசி எடுக்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

வாலாஜாவிலிருந்து: கிளைமைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கேட்டால் "சர்வேயர் ரிப்போர்ட் அப்படி" என்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று வரி வரியாக இருக்கும். மேலே சொன்ன சதவீதங்களை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். கண்ணாடியில் கழித்திருந்தால் நேராகக் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறை தீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிட அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மறுப்புக் கடிதம் வந்த தேதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள், மனு எழுத நான் உதவுகிறேன்.