எத்திக்ஸ் பேப்பரும் அணு உலையும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் இன்ஜினியரிங் காலேஜ்ல நியூக்ளியர் சப்ஜெக்ட் எடுக்குறேன். இந்த செமஸ்டர்லேருந்து எத்திக்ஸ் பேப்பரும் என்கிட்ட குடுத்துட்டாங்க. பசங்க நேராவே கேக்குறாங்க, "நல்லவனா இருக்குறது வீட்லயே வர்றது, அத எப்படி சார் சிலபஸ் போட்டு சொல்லித் தருவீங்க"ன்னு. அணு உலைல எல்லாத்துக்கும் ரெண்டு மூணு அடுக்கு பாதுகாப்பு இருக்கே, இதுல தனி ஆளோட நேர்மைக்கு என்ன வேலைன்னு ஒரு பொண்ணு கேட்டா, எனக்கு சட்டுன்னு பதில் வரல. சேஃப்டி கல்ச்சருக்கு, அதாவது எல்லாத்துக்கும் முன்னாடி பாதுகாப்ப வைக்கிற பழக்கத்துக்கு, புத்தகத்துல இருக்குற வரையறைய வச்சு ஒரு மணி நேரம் கூட கிளாஸ் ஓட்ட முடியல. பரீட்சை எப்படி வைக்கிறதுன்னும் தெரியல. கொஞ்சம் எழுதுங்க சார்.

கே.

அன்புள்ள கே.,

பசங்க கேட்டது நல்ல கேள்வி. ஆனா கெட்டவன திருத்துறதுக்குன்னு யாரும் இந்த பேப்பர வைக்கல. அணு விபத்துகள ஒவ்வொன்னா எடுத்து படிங்க, வில்லன்னு காட்ட ஆள் கிடைக்கிறதே கஷ்டம். படிச்சவங்க, வேலை தெரிஞ்சவங்க, ஆபத்து இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க கூட அதுல இருக்காங்க. அவங்களுக்கு தெரிஞ்சது யாருக்கு தெரியணுமோ அவங்களுக்கு போய் சேரல, அவ்ளோதான். வீட்ல எவ்ளோ ஒழுங்கா வளத்தாலும் இத சொல்லித் தர முடியாது.

த்ரீ மைல் ஐலண்ட் விபத்த எல்லாரும் நடத்துறாங்க. 1979 மார்ச் 28, அமெரிக்கால இருக்குற அந்த நிலையத்துல, பிரஷரைசர் (உலைத் தண்ணியோட அழுத்தத்த சீரா வச்சிருக்குற தொட்டி) மேல இருக்குற, அழுத்தம் ஏறுனா தொறக்குற ரிலீஃப் வால்வு தொறந்து, திரும்ப மூடல. தண்ணி வெளிய போய்ட்டே இருக்கு, ஆனா கண்ட்ரோல் ரூம்ல வால்வு மூடிடுச்சுன்னு நெனைக்கிற மாதிரி லைட் அணைஞ்சிடுச்சு, ஏன்னா அந்த லைட் வால்வுக்கு கரண்ட் போகுதா இல்லையான்னு மட்டும்தான் காட்டும், வால்வு நிஜமாவே மூடிச்சான்னு காட்டாது. பிரஷரைசர்ல தண்ணி மட்டம் ஏறுறத பாத்து உலைல தண்ணி ஜாஸ்தின்னு நெனச்ச ஆபரேட்டர்கள் அவசரத்துக்கு உள்ள போய்ட்டிருந்த தண்ணிய குறைச்சிட்டாங்க. எரிபொருள் இருக்குற நடுப்பகுதியான கோர்ல பாதி கிட்ட உருகிடுச்சு. நெறைய பேர் கதைய இங்க ஆரம்பிச்சு இங்கயே முடிச்சுட்றாங்க.

நீங்க ஒன்றரை வருஷம் பின்னாடி போங்க. 1977 செப்டம்பர் 24, அமெரிக்காலயே டேவிஸ்-பெஸ்ஸி நிலையம், த்ரீ மைல் ஐலண்ட் உலைய செஞ்ச அதே பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி செஞ்ச உலை. அதே மாதிரி ரிலீஃப் வால்வு தொறந்தபடியே நின்னுடுச்சு, ஆபரேட்டர்களும் அதே மாதிரி ஏமாந்து தண்ணிய நிறுத்துனாங்க. அன்னிக்கு உலை 9 சதவீத பவர்லதான் ஓடிட்டிருந்துச்சு, இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சு மூடிட்டாங்க, அதனால ஒன்னும் ஆகல. கம்பெனில பெர்ட் டன்னுன்னு ஒரு இன்ஜினியர் இத உக்காந்து ஆராய்ஞ்சு 1978 பிப்ரவரில ஒரு மெமோ எழுதுறார். இதே விஷயம் முழு பவர்ல நடந்திருந்தா கோர் தண்ணிக்கு வெளிய வந்திருக்கலாம், எரிபொருளே சேதமாகியிருக்கலாம், அதனால தண்ணிய எப்ப நிறுத்தலாம் எப்ப நிறுத்தக் கூடாதுன்னு ஆபரேட்டர்களுக்கு தெளிவா சொல்லுங்கன்னு. இதுக்கு மேல என்ன எழுத முடியும்? ஆனா இன்னொரு பிரிவுல ஒரு சந்தேகம் கேட்டாங்க, இப்படி தண்ணிய விட்டுட்டே இருந்தா சிஸ்டம் முழுக்க ரொம்பி வேற பிரச்சனை வராதான்னு. நியாயமான சந்தேகம்தான். ஆனா அதுக்கு ஒழுங்கான பதில் போகல, மாசங்கள் ஓடிடுச்சு, மெமோ அங்கயே தங்கிடுச்சு. த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்கள் கைக்கு அது வரவே இல்ல.

இதுல பொய் சொன்னவன் யாரு, காசு வாங்குனவன் யாரு? உங்க பசங்கள கேளுங்க. டன் மெமோவோட தன் வேலை முடிஞ்சதுன்னு இருந்திருக்கலாமா, சந்தேகம் கேட்டவங்க பதிலுக்கு எவ்ளோ நாள் காத்திருக்கலாம், இந்த ரெண்டு கேள்விக்கே ரெண்டு கிளாஸ் பத்தாது.

அடுக்கு பாதுகாப்பு பத்தி கேட்ட பொண்ணுக்கும் அதே டேவிஸ்-பெஸ்ஸிலயே பதில் இருக்கு. 2002ல உலையோட மேல் மூடிய சோதிச்சப்போ, உலைத் தண்ணில கலந்திருக்குற போரிக் ஆசிட் கசிஞ்சு, சுமார் 16 சென்டிமீட்டர் கனமான இரும்ப அரிச்சு பெரிய பள்ளமாக்கியிருந்துச்சு. அங்க அழுத்தத்த தாங்கிட்டு மிச்சம் நின்னது ஒரு சென்டிமீட்டர் கனம் கூட இல்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனிங் மட்டும்தான். இது ஒரு ராத்திரில ஆனதில்ல. கட்டடத்துக்குள்ள காத்த சோதிக்கிற கருவியோட ஃபில்டர்கள்ல துரு அடைச்சுட்டே இருந்துச்சு, வழக்கத்த விட ரொம்ப அடிக்கடி மாத்த வேண்டி வந்துச்சு. மாத்துனாங்க, ஒழுங்காவே மாத்துனாங்க. இவ்ளோ துரு எங்கேருந்து வருதுன்னு விடாம துரத்திப் போக ஆள் இல்ல. அடுக்கு எத்தன இருந்தாலும் அதுல ஒன்னு தேயுதுன்னு கருவி சொல்லும்போது அத காது குடுத்து கேக்க ஒரு மனுஷன் வேணும்.

சேஃப்டி கல்ச்சர்ங்கிற பேச்சே செர்னோபிலுக்கு அப்புறம் சர்வதேச அணுசக்தி முகமையோட நிபுணர் குழு கொண்டு வந்தது, 1991ல அதுக்குன்னு தனி அறிக்கையே போட்டாங்க. அதே குழு 1986ல செர்னோபில் ஆபரேட்டர்கள் மேல பழிய அதிகமா போட்டு, 1992ல திருத்திக்கிச்சு. உலைய அடக்குறதுக்கு இருக்குற கண்ட்ரோல் ராட்ஸ உள்ள எறக்கும்போது முதல்ல பவர் ஏறக்கூடும்ங்கிறது 1983லயே லிதுவேனியால அதே ரக உலை இருந்த இக்னலினா நிலையத்துல தெரிஞ்சு போச்சு, ஆனா ஆபரேட்டர்களுக்கு அத புரியிற மாதிரி யாரும் சொல்லல. இங்கயும் தெரிஞ்ச விஷயம் வழியிலயே நின்னுடுச்சு பாருங்க. வரையறைய மனப்பாடம் பண்ண வைக்கிறத விட இத நடத்துங்க.

விபத்த மட்டுமே நடத்தாதீங்க, பசங்களுக்கு பயம்தான் மிஞ்சும். ஜப்பான்ல ஒனகாவா நிலையத்த சொல்லுங்க. பழைய சுனாமிகள மனசுல வச்சு, இவ்ளோ உயரம் எதுக்குன்னு கேட்டவங்க கிட்டல்லாம் விடாம வாதாடி, நிலையத்த கடல் மட்டத்துக்கு 14.8 மீட்டர் மேல கட்ட வச்சவர் யானோசுகே ஹிராய்னு ஒரு சிவில் இன்ஜினியர். 1986லயே காலமாகிட்டார். 2011 மார்ச்ல சுமார் 13 மீட்டர் அலை வந்துச்சு, ஃபுகுஷிமாவ விட நிலநடுக்க மையத்துக்கு பக்கத்துல இருந்த அந்த நிலையம் பத்திரமா நின்னுச்சு. எனக்கு ரொம்ப புடிச்ச மனுஷன் அவர்.

பரீட்சைக்கு வர்றேன். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் மேலதிகாரிகிட்ட சொல்லுவேன்னு எழுதிட்டு போய்டுவாங்க. பெர்ட் டன்னோட நிலைமைய குடுத்து, மெமோ அனுப்பி மூணு மாசம் ஆச்சு, பதில் இல்ல, இப்ப அடுத்த கடிதத்த எழுதுன்னு சொல்லுங்க. யாருக்கு எழுதுறான், எந்த வால்வு, எவ்ளோ பவர்ல என்ன ஆகும்னு தெளிவா இருக்கா, எந்த தேதிக்குள்ள பதில் வேணும்னு கேட்டிருக்கானா, அந்த தேதி தாண்டுனா அடுத்து யார்கிட்ட போவேன்னு எழுதிருக்கானா, இத பாத்து மார்க் போடுங்க. பாதி கிளாஸ இன்ஜினியராவும் மீதி பாதிய உலைய சீக்கிரம் ஓட்டியாகணும்ங்கிற மேனேஜராவும் வச்சு அந்த கடிதத்துக்கு பதிலும் எழுத வைங்க, அதுக்கும் மார்க் உண்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.