கேள்வி – பதில்: பிழை செவியிலா, பட்டியலிலா?

கேள்வி: களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புல விஞ்ஞானம் பயிலும் இறுதியாண்டு மாணவி நான், சொந்த ஊர் கொக்குவில். யாழ்ப்பாணத்து முதியவர்கள் பேச்சை எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்காக அளக்க விரும்புகிறேன். தமிழ்நாட்டவர் குரலில் பதிவான 25 சொற்களின் பட்டியல் ஒன்று கையில் உள்ளது. அதை அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: அப்படியே பயன்படுத்த வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையிலான தூய தொனிகளைக் கொண்டு செவியைச் சோதிக்கும்போது, கேட்பவரின் ஊர் ஒரு பொருட்டல்ல. சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் அவரது ஊரும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பத்து, பற்று, பட்டு என்ற மூன்றையும் யாழ்ப்பாணத்தவராகிய நாம் நாவை மூன்று இடங்களில் பொருத்தி ஒலிக்கிறோம். 'காற்று' என்பதில் நமது றகர இரட்டை மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னுள்ள நுனியண்ணத்தில் நிற்க, தமிழ்நாட்டுப் பேச்சில் அது 'காத்து' என்றாகிறது, அல்லது எழுத்தைப் பார்த்துச் சொல்பவரிடம் றகரமாய் உருள்கிறது. 'காத்து' என்று கேட்ட நம்மவர் காத்திருப்பதை நினைத்தால், அவரது செவியைக் குறை சொல்ல முடியுமா? மறுபுறம், ழகரத்தை நாம் பேச்சில் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறோம். என் பெரியம்மாவை ஒருமுறை இத்தகைய சோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒலிபெருக்கியில் 'வாழை' என்றது. அவர் தயங்காமல் 'வாளை' என்றார். தாளில் சிவப்பு மையில் ஒரு புள்ளடி விழுந்தது. வீட்டு வளவில் நூறு வாழை நட்டவர் அவர்! 25 சொற்களில் ஒவ்வொன்றும் 4 வீதம் என்பதால், இப்படி மூன்று புள்ளடிகள் விழுந்தாலே 12 வீதம் போய்விடும். பிறகு அந்த 88 வீதத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஆகவே முதியவர்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, பட்டியலையே ஆய்வுப் பொருளாக்குங்கள் என்பேன். செவிப்புலன் சீராக உள்ள, யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்த இளையவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, அதே சொற்களை ஒரு குழுவுக்குப் பழைய பதிவிலும் மற்றக் குழுவுக்கு உள்ளூர்க் குரலிலும் கேட்கச் செய்யுங்கள். ஒருவருக்கே இரண்டையும் போட்டால், முதலில் கேட்ட நினைவு இரண்டாவதற்கு உதவிவிடும். எந்தப் பதில்களைச் சரியெனக் கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'வாளை' அதில் இருக்கட்டும். நல்ல செவிகள் பலவும் ஒரே சொல்லில் தடுமாறினால், கோளாறு அந்தச் சொல்லில் அல்லது அதைச் சொன்ன குரலில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 'பிராட்' (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளிலேயே சொற்களின் ஒலியளவைச் சமப்படுத்தலாம். மொழியியல் பேராசிரியர் சுசீந்திரராஜா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பைப் பற்றி எழுதியவற்றை முதலில் படித்துவிடுங்கள். ஒலிப்புகாத அறை கிடைக்காவிட்டால், கோயில் திருவிழாக் காலத்தையாவது தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகளின் பேச்சைப் பதிவு செய்ய ஆய்வு மாணவர் ஒருவர் அனுமதி கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: கொடுக்கலாம், ஆனால் கையெழுத்திடுமுன் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயரை நீக்கிவிடுவோம் என்பார்கள். தெரிந்தவர்களுக்குக் குரலே பெயர்தான் என்பதால், பதிவை யார், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதாக இருந்தால், அவற்றையும் ஒருமுறை பாருங்கள்: விடைத்தாளில் கொசு, சாவி, நாற்காலி என்று மட்டுமே இருக்குமானால், நுளம்பு, திறப்பு, கதிரை என்று சொல்லும் உங்கள் மகள் மூன்றிலும் பிழைவிட்டவளாகிவிடுவாள். நீங்கள் கையெழுத்திட்ட பிறகும், அன்றைக்கு அவள் வாய் திறக்க மறுத்தால் பதிவை நிறுத்திவிட வேண்டும். அதை மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.