வேகன் ஆர் என்ற பெயரை நம்பி லைட் வாங்காதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து கொழும்புக்கு வந்து நாலு மாதம். தெஹிவளையில் வீடு. ஊருக்குத் திரும்பிப் போன அலுவலக நண்பரிடம் 2013 வேகன் ஆர் வாங்கியிருக்கிறீர்கள். போன வாரம் காலி வீதியில் ஓர் ஆட்டோ உரசி இடது பக்க ஹெட்லைட் நொறுங்கிவிட்டது. இங்கே கடையில் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. ஊரில் அண்ணன் மாருதி வேகன் ஆர் லைட்டை மலிவாக விசாரித்து வைத்திருக்கிறார். அடுத்த மாதம் அப்பா வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அது உங்கள் காரில் உட்காரவே உட்காராது.

நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். ஊரில் பார்த்த அதே பெயர் இங்கே ஓடுகிற காரிலும் எழுதியிருக்கும். உள்ளே இருப்பது வேறு கார். உங்கள் அண்ணன் விசாரித்த வேகன் ஆர் இந்தியாவுக்கென்று செய்தது. உங்களிடம் இருப்பது ஜப்பான்காரர்கள் தங்கள் ஊருக்குச் செய்து, அங்கே கொஞ்ச காலம் ஓடிய பிறகு இங்கே கப்பலேறி வந்தது. 660 சிசி எஞ்சின். ஜப்பானில் அந்தச் சின்னக் கார் வகைக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர் என்று சட்டமே எல்லை போட்டிருக்கிறது. ஊரில் 2019இல் வந்த மாருதி வேகன் ஆர் 3.65 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். பொனட், முன் பம்பர், லைட் உட்காரும் குழி எல்லாமே வேறு வேறு.

ஆல்டோவிலும் இதே சிக்கல் உண்டு. இங்கே ஓடுகிற ஆல்டோ 800 இந்தியாவிலிருந்து வந்தது, அதற்கு ஊர் சாமான் பொருந்தும். ஆனால் ஜப்பான் ஆல்டோவும் இதே தெருவில் ஓடுகிறது, அதற்குப் பொருந்தாது. அதனால் பெயரை விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது சேஸ் நம்பர், அதாவது வண்டியின் உடலில் அடித்திருக்கும் அடையாள எண்.

ஊரில் 17 எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு நம்பர் பார்த்துப் பழகியிருப்பீர்கள். ஜப்பானிலிருந்து வந்த காரில் அப்படி இருக்காது. முதலில் மாடல் குறி, அப்புறம் ஒரு சின்னக் கோடு, அதன்பின் வரிசை எண், அவ்வளவுதான். உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். வண்டியில் அடித்திருக்கும் தகட்டிலும் இருக்கும். 2013இல் செய்தது என்றால் அநேகமாக எம்.எச்.34.எஸ் என்று தொடங்கும். 2014 ஆகஸ்டில் வந்தது எம்.எச்.44.எஸ், 2017இல் வந்தது எம்.எச்.55.எஸ். கடைக்காரர் முதலில் கேட்பது இந்தக் குறியைத்தான்.

வருஷத்தைச் சொல்லி வாங்கலாமே என்று நினைக்காதீர்கள். இங்கே புத்தகத்தில் இருக்கும் பதிவு வருஷம் வேறு, ஜப்பானில் வண்டி செய்த வருஷம் வேறு. செய்து இரண்டு வருஷம் கழித்து வந்திறங்கிப் பதிவானவை ஏராளம். பதிவு வருஷத்தைச் சொன்னால் அடுத்த மாடலின் லைட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

குறி சரியானாலும் வேலை முடியவில்லை. கடைக்காரர் உங்களிடம் “ஸ்டிங்ரேயா, நோர்மலா?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். ஒரே எம்.எச்.34.எஸ்ஸில் சாதாரண வேகன் ஆருக்கு ஒரு முகம், ஸ்டிங்ரே என்கிற வகைக்கு வேறு முகம். சாதாரணத்தில் பெரும்பாலும் ஹாலஜன் பல்ப், அதாவது உள்ளே இழை எரிகிற பல்ப். ஸ்டிங்ரேயில் ஜெனான், அதாவது இழை இல்லாமல் வாயுவில் எரிகிற லைட், வந்தவை உண்டு. ஜெனான் லைட் எரிய ஆரம்பிக்கவே 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓர் உதை வேண்டும். அதற்குத் தனிப் பெட்டி, தனி வயர். ஹாலஜன் வண்டியில் ஜெனான் லைட்டைக் கொண்டுபோய் மாட்டினால் பின்னால் இருக்கும் பிளக்கே சேராது.

இதற்கெல்லாம் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. உடைந்த லைட்டின் கண்ணாடி ஓரத்தில், கொய்டோ, ஸ்டான்லி, இச்சிகோ என்று ஏதாவது ஒரு பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கும். இந்த மூன்றும் ஜப்பானில் லைட் செய்கிற கம்பெனிகள். நாம் கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். நொறுங்கியிருந்தாலும் துண்டுகளைக் குப்பையில் போடாமல் அந்த எழுத்து இருக்கிற துண்டைத் தேடி எடுங்கள். அது கிடைக்காவிட்டால் உடையாத வலது பக்க லைட்டில் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடி என்பதால் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும். பாவித்த லைட், அதாவது பழைய வண்டியில் கழற்றிய லைட், வாங்கும்போது அந்த எண் ஒத்துப்போனால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் வாழ்க்கையில் நடந்தது.

எங்களிடம் ஒரு டொயோட்டா கொரொல்லா 121 கார் இருந்தது. வலது லைட் உடைந்து, ஒரு கடையில் பெட்டியோடு புதிதாக ஒன்று வாங்கினோம். ஜப்பான் லைட்டைவிட விலை குறைவு. மாட்டியபோது இடைவெளி இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. பாஸும் “சுப்பர் லைட்” என்றார். (இங்கே மெக்கானிக், கொத்தனார் எல்லாருமே பாஸ்தான், பழகிக்கொள்ளுங்கள்.) அந்த வாரம் ராத்திரி நீர்கொழும்பு வீதியில் வத்தளை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். டிம்மில்தான் ஓட்டினேன். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு லைட் அடித்தார்கள். ஏன் என்று புரியவில்லை. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி தடுமாறி, வீதியை விட்டு இறங்கிக் கானோரம் (சாக்கடை ஓரம்) போய் நின்றார். பின்னால் ஒரு சின்னப் பிள்ளை அவர் முதுகைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. நான் நிறுத்தி இறங்கி ஓடினேன். அவர் திட்டவில்லை. “அக்கா, உங்கட லைட் நேரா கண்ணுக்குள்ள வருது, எனக்கு ஒண்டுமே தெரியல்ல” என்றார். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் என் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் வேறொரு பாஸ் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் காட்டினார். டிம் லைட்டின் வெளிச்சம் மேலே ஒரு கோட்டோடு நின்றுவிட வேண்டும். இந்தியா, இலங்கை, ஜப்பான் மூன்றிலும் நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் அந்தக் கோடு வலது பக்கம் மட்டமாக இருந்து, இடது பக்கம் மட்டும் மேலே ஏற வேண்டும். வீதியோரத்தில் நடக்கிறவர்கள் தெரிவதற்காக. எனக்கு வந்த லைட்டில் கோடு வலது பக்கம் ஏறியது. வலது பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த லைட் அது. எதிரில் வருகிறவர் கண்ணுக்கு நேராக வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டு ஒரு வாரம் கொழும்பு முழுக்க ஓட்டியிருக்கிறேன். ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். ஸ்குரூ முழு வெளிச்சத்தையும் ஏற்றி இறக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தின் வடிவம் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற வெள்ளிக் கிண்ணத்தில், அதாவது ரிஃப்ளெக்டரிலேயே வார்த்தது, அதை யாரும் மாற்ற முடியாது என்றார். அந்த லைட்டை அப்போதே கழற்றச் சொன்னேன். கொடுத்த காசு போனது போனதுதான்.

கடையில் நின்றபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். ஐரோப்பிய விதிப்படி செய்த லைட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதன் அருகே ஓர் அம்புக்குறி தேடுங்கள். லைட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது அம்பு உங்கள் வலது பக்கம் காட்டினால் அது நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கானது. இரண்டு முனையிலும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் ஆகும். ஈ இருந்து அம்பே இல்லையென்றால் வலது பக்கம் ஓட்டுகிறவர்களுக்கானது, கீழே வைத்துவிடுங்கள். உங்கள் வேகன் ஆர் ஜப்பானுக்குள் மட்டும் விற்றது என்பதால் அதற்கு இந்த ஆபத்து குறைவு. நாளை வேறு கார் மாற்றுவீர்கள், அன்றைக்கு நினைவில் வையுங்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்று. முழு லைட்டை மாற்றும் சாக்கில் “எல்இடி பல்ப் போட்டுத் தரவா, வெள்ளையா அடிக்கும்” என்று கேட்பார்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டர், பல்பின் இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடி அந்தப் புள்ளியிலிருந்து எரியாது, வெளிச்சம் சிதறி எதிராளி கண்ணில் விழும். உங்கள் பல்பின் பின்னால் மூன்று தகடு இருந்தால் அது எச்4. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். அதையே போடுங்கள். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம் என்று பாஸிடம் சொல்லுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறிப் பல்ப் சீக்கிரம் போய்விடும்.

எங்கே வாங்குவது? பஞ்சிகாவத்தை. மருதானை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். தெரு முழுக்க வாகனச் சாமான் கடைதான். தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் நிறைய, அதனால் பாஷைக்குப் பயப்பட வேண்டாம். பழசுக்கு “பாவிச்சது” என்று சொல்லுங்கள், பம்பரை “பஃபர்” என்பார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் போகாதீர்கள், பல கடை மூடியிருக்கும். விலை அதிகம்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தக் கார்களுக்கு வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் 2022இல் 200 ரூபாய் சுற்றில் இருந்த டாலர் 360 வரை போனது. இருக்கிற வண்டியை எல்லாரும் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள், சாமான் விலை ஏறியது. மூன்று கடையாவது ஏறி இறங்கி விசாரியுங்கள்.

பாவித்த லைட்டைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் பாருங்கள். போல்ட் மாட்டுகிற பிளாஸ்டிக் காதுகள் முழுசாக இருக்கின்றனவா? முன்பக்கம் மோதிய வண்டியிலிருந்து கழற்றிய லைட்டில் முதலில் உடைவது இந்தக் காதுதான். சூடுவைத்து ஒட்டியிருந்தால் மேடாகத் தெரியும், விரலால் தடவிப் பாருங்கள். ஒரு காது ஒட்டியிருந்தால் பரவாயில்லை, இரண்டு என்றால் வேண்டாம், குழியில் விழும்போதெல்லாம் வெளிச்சம் ஆடும். அப்புறம் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் சத்தமோ உடைந்த துண்டு உருளும் சத்தமோ கேட்கக் கூடாது. மழை நாளில் உள்ளே லேசாகப் பனி படிந்து, லைட் போட்டதும் போய்விட்டால் அது இயல்பு. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இடது வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும் கணக்கு. முன்னால் நின்று சொன்னால் மாறிப்போகும்.

உங்கள் வலது லைட் மஞ்சளாகியிருப்பதால் ஜோடியாக மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. வெயிலில் மேல் பூச்சு போனதால் வந்த மஞ்சள் அது. தண்ணீர் விட்டு 2000 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, பாலிஷ் போட்டு, வெயில் தாங்குகிற பூச்சு அடித்தால் தெளிவாகிவிடும். பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும்.

மாட்டும் வேலையை நல்ல கராஜில் கொடுத்துவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி, பம்பரை இறக்கி, போல்ட் எடுத்துத்தான் லைட் வெளியே வரும். அவசரத்தில் பம்பர் கிளிப்புகளை உடைத்துவிட்டு டேப் போட்டு ஒட்டி அனுப்புகிறவர்கள் உண்டு, கூடவே நில்லுங்கள்.

முடிந்த அன்றைக்கு ராத்திரி, மட்டமான தரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். தரையிலிருந்து லைட்டின் நடு உயரத்தை அளந்து சுவரில் ஒரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மட்டமான விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே போனால் பின்னால் இருக்கிற ஸ்குரூவைத் திருப்பி இறக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, இது இனிமேலுக்கு. முழு இன்ஷூரன்ஸ் வைத்திருந்தால் அடிபட்ட இடத்திலிருந்தே அவர்களுக்கு போன் பண்ண வேண்டும், ஆள் அங்கேயே வந்து பார்ப்பார். ஊரில் மாதிரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் சிக்கலாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் உடைந்த லைட்டையும் கையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். சேஸ் தகட்டையும் லைட் எண்ணையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். கடையில் காட்டுவதையும் படம் பிடித்து அனுப்புங்கள், காசு கொடுக்கும் முன் நானும் ஒரு தடவை பார்த்துச் சொல்கிறேன். பழைய லைட்டிலிருந்து பல்பையும் பல்ப் ஹோல்டரையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், பாவித்த லைட் பல சமயம் அவை இல்லாமல்தான் வரும்.