மதுரையில் லாட்ஜும் சாப்பாடும் நிஜமாகவே எப்படி?

"மதுரைக்குக் குடும்பத்தோடு ரெண்டு நாள் போகிறோம், கோயில் பக்கத்தில் லாட்ஜ் எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி இருக்கும், யூடியூபில் சொல்வதை நம்பிப் போகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோயம்புத்தூர்க்காரன், வேலை விஷயமாக அடிக்கடி மதுரை போய் வருகிறவன். கம்பெனி கொடுக்கும் படிக்குள் தங்கிச் சாப்பிட வேண்டும் என்பதால் நட்சத்திர ஓட்டல்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடுத்தர லாட்ஜ், மெஸ், ரோட்டோரக் கடை, இதுதான் எனக்குத் தெரிந்த மதுரை.

சாப்பாடு, சொல்கிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தங்குமிடம் அப்படி இல்லை. சாப்பாட்டிலும் ஒன்று, இந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். வீடியோவில் பார்த்த கடையைத் தேடிக்கொண்டு மூன்று மணிக்குப் போய் நின்று, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுவிட்டு "மதுரை சாப்பாடு சும்மா பில்டப்" என்று எழுதுகிறவர்கள் நிறைய.

முதலில் லாட்ஜ். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே டவுன்ஹால் ரோடு, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, சுற்றி இருக்கும் சந்துகள், இங்கேதான் லாட்ஜ்கள் குவிந்து கிடக்கின்றன. இங்கிருந்து மேலக் கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷ நடை. விலாசத்தைப் பார்த்தே கோயில் எவ்வளவு தூரம் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்: ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது, மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மாசிக்குள் ரூம் கிடைத்தால் நல்லது, ஆனால் சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், ஆகவே பெட்டியோடு வயதானவர்கள் வந்தால் கோயிலுக்கு ரொம்பவும் ஒட்டிப் போடாதீர்கள், கடைசித் தூரம் நடைதான். மாட்டுத்தாவணியில் பஸ் இறங்குகிறவர்கள் அங்கேயே ரூம் எடுக்கிறார்கள்; விடிகாலை பஸ் பிடிக்க வேண்டுமானால் சரி, கோயிலுக்கு என்று வந்தவர்களுக்கு வேண்டாம், ஒவ்வொரு தடவையும் நகரத்துக்குள் வந்து போவதிலேயே நேரமும் ஆட்டோக் காசும் போய்விடும்.

பல லாட்ஜ்களில் 'டெம்பிள் வியூ' என்று போர்டு பார்ப்பீர்கள். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று 1997லேயே அரசாணை இருக்கிறது, அதையும் மீறி உயர்ந்து நிற்கும் கட்டடங்களும் இருக்கின்றன, அந்தக் கதை தனி. மொட்டை மாடி உணவகத்தில் உட்கார்ந்து பார்த்தால் கோபுரங்கள் அழகாகத் தெரிவது உண்மை. ஆனால் உங்கள் ரூம் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டியும் குழாயும்தான். ஒரு இடத்தில் வியூ எங்கே என்று கேட்டேன், ரிசப்ஷன் தம்பி கொஞ்சமும் அசராமல் "பாத்ரூம் வெண்டிலேட்டர்ல தெரியும்ணே" என்றான். போய்ப் பார்த்தேன், ஒரு கலசம் தெரிந்தது, பொய் சொல்லவில்லை.

விலை: ஏசி இல்லாத டபுள் ரூம் ஆயிரத்தை ஒட்டி, ஏசி என்றால் ஆயிரத்து ஐநூறிலிருந்து இரண்டாயிரத்து ஐநூறு வரை நான் கொடுத்திருக்கிறேன். வார இறுதி, முகூர்த்த நாள் என்றால் ஏறும். இந்த விலைக்கு மெத்தை பரவாயில்லை, விரிப்பு பெரும்பாலும் துவைத்ததாக இருக்கும், தலையணையைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், உறை நீங்களே கொண்டு போங்கள். வெந்நீர் பல இடங்களில் சோலார், காலை ஆறு மணியிலிருந்து எட்டு எட்டரை வரைதான். ராத்திரி கோயில் போய்விட்டு வந்து குளிக்கிற பழக்கம் இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் கீழே போன் போட்டால் "வரும் சார், கொஞ்ச நேரம் ஓட விடுங்க" என்பார்கள், ஓடும், பச்சைத் தண்ணீராகவே ஓடும்.

ரூமைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பார்ப்பது என்றால் கதவைத் திறந்து கட்டிலை எட்டிப் பார்ப்பது இல்லை: குழாயைத் திறங்கள், ஃப்ளஷ்ஷை அமுக்குங்கள், பாத்ரூம் மூலையில் மூக்கைக் கொண்டு போங்கள், சாவியைப் போட்டு உள்ளிருந்து ஒரு தடவை பூட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு ரூம் கேட்கத் தயங்கவே வேண்டாம், ஒரே வாடகைக்குப் பின்பக்கம் அமைதியான ரூமும் இருக்கும், ஜெனரேட்டருக்கு மேலே இருக்கும் ரூமும் இருக்கும், முதலில் காட்டுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. செக் அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணியா என்பதையும் கேளுங்கள். ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜ்தான் லாபம்.

ஆன்லைன் புக்கிங்கில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஆப் பெயர் வேண்டாம். காசு கட்டி, உறுதி என்று குறுஞ்செய்தியும் வந்து, ராத்திரி பத்தரைக்குப் போய் நின்றால் "அந்த ஆப்காரங்க எங்களுக்குப் பணம் தர்றதில்ல சார், அந்த புக்கிங்கை நாங்க எடுக்கறதில்ல" என்றார் மேனேஜர். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் தெருவில் நின்றது நான். அதிலிருந்து எங்கே புக் செய்தாலும் லாட்ஜுக்கே நேராகப் போன் போட்டு என் பெயர் நோட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். ஸ்டேஷன் வாசலில் "நல்ல ரூம் இருக்கு சார்" என்று கூடவே வரும் ஆட்டோக்காரர்களுக்கு லாட்ஜில் கமிஷன் உண்டு, அது உங்கள் வாடகையில்தான் ஏறும். எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும். இன்னொன்று, உங்களுக்குப் பொருந்தாது ஆனால் வேறு யாராவது படிப்பார்கள் என்பதால்: தனி ஆளுக்கு ரூம் இல்லை என்று சொல்லும் லாட்ஜ்கள் இன்னமும் இருக்கின்றன, கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி நான் வாதாடியிருக்கிறேன். தனியாக வரும் பெண்களிடம் இன்னும் கூடக் கேள்வி கேட்பார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

காலையில் அதிகம் அலைய வேண்டாம். இட்லி, பொங்கல், வடை எல்லாம் ஏறக்குறைய எந்தக் கடையிலும் நன்றாகவே இருக்கும், சட்னி தாராளமாக ஊற்றுவார்கள். முருகன் இட்லி கடை மதுரையில் பிறந்ததுதான், ஆனால் அது சென்னையிலும் இருக்கிறது, அதற்காக இங்கே வந்து வரிசையில் நிற்பது என் கணக்கில் வீண். அதற்குப் பதில் காலையில் முள்ளுமுருங்கை அடை எங்கே போடுகிறார்கள் என்று லாட்ஜ் பையன்களிடம் விசாரியுங்கள். முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, எண்ணெயில் போட்டு எடுத்து, மேலே மிளகுப்பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். பச்சையாக, வெளியே மொறுமொறுவென்று இருக்கும். சளி பிடித்தவர்களுக்கு நல்லது என்று கடைக்காரரே மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் சொல்லிக் கொடுப்பார்.

மதியம்தான் நேரம் முக்கியம். கோயில் நடை 12:30 வாக்கில் சாத்தினால் திரும்ப 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் கோயிலில் இருக்கிற கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் சாப்பிடக் கிளம்பும். நீங்கள் பன்னிரண்டேகாலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் மெஸ்ஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அழகர்கோயில் ரோட்டில் அம்மா மெஸ் மாதிரி பேர் வாங்கியவை இருக்கின்றன, பேர் இல்லாத சின்ன மெஸ்களும் ஊர் முழுக்க இருக்கின்றன. அயிரை மீன் குழம்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன், உயிரோடு வாங்கி வந்து பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு உள்ளே இருக்கும் மண்ணைக் கக்க வைத்து அப்புறம்தான் குழம்பில் போடுவார்கள், முள்ளோடு அப்படியே மெல்ல வேண்டியது. ஒன்றரை மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் "முடிஞ்சுதுண்ணே" தான்.

மெஸ்ஸில் பில் விஷயம் ஒன்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. இலை போட்டுச் சோறு வைத்தவுடன் ஒருத்தர் பெரிய தட்டோடு வருவார், அதில் சுக்கா, ஈரல், கோலா உருண்டை, குடல், மீன் வறுவல், காடை என்று சின்னச் சின்னத் தட்டாக அடுக்கியிருக்கும், ஆவி பறக்கும். பசியில் இருப்பவன் எதை வேண்டாம் என்பான்? "வைங்கண்ணே, வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்தால், சாப்பாட்டு விலையைப் போல மூன்று மடங்கு பில் வரும். ஏமாற்று இல்லை, ஒவ்வொன்றும் தனி விலை, கேட்டால் சொல்வார்கள், நாம்தான் கேட்பதில்லை. சுக்கா இருநூறு, இருநூற்றைம்பது என்றால் வருவது உள்ளங்கை அளவுதான். நாலு பேர் போனால் மூன்று தட்டு வாங்கிப் பகிர்ந்து கொள்ளுங்கள், குழம்புக்குக் காசு கிடையாது, மட்டன் குழம்பையே இரண்டு தடவை ஊற்றச் சொல்லலாம், நிஜத்தில் பாதி ருசி அந்தக் குழம்பில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்குக் காரம் தாங்காது, தயிரை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு மதியம் மதுரை சுமார்தான். ஸ்டேஷனைச் சுற்றி மீல்ஸ் ஓட்டல்கள் நிறைய, வயிறு நிறையும், ஊருக்குத் திரும்பி யாரிடமும் சொல்லும்படி இருக்காது. கூட்டம் அதிகமான நாளில் ரசமும் சாம்பாரும் உறவுக்காரர்கள் போலவே இருக்கும். சைவத்துக்கு மதுரை திறப்பது சாயங்காலம். மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பம் சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள், கூட ஒரு காரச் சட்னி கொடுப்பார்கள், கண்ணில் தண்ணீர் வரும், அப்புறம் காபி. வீதியில் பருத்திப்பால் வண்டி தென்பட்டால் அதையும் ஒரு டம்ளர். பருத்தி விதையை ஆட்டிப் பால் எடுத்துக் கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு எல்லாம் போட்டுக் காய்ச்சியது, கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். விளக்குத்தூண் பக்கம் இருக்கும் பழைய கடைக்குத்தான் நான் போவேன். அடியில் கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே வீட்டுத் தயாரிப்பு ஐஸ்கிரீம், இரண்டு நிமிஷத்தில் கையில் வந்துவிடும், ரோட்டில் நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான். எனக்கு அது தித்திப்பு அதிகம், பாதிக்கு மேல் போகாது, ஆனால் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். ஊர் முழுக்க 'அசல்' என்று போர்டு மாட்டியவற்றில் பல இடங்களில் பாலைவிட ஐஸ் அதிகம்.

ராத்திரி கோயிலில் பள்ளியறை பூஜை பார்த்துவிட்டு வெளியே வர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். பயப்பட வேண்டாம், மதுரையில் அது சாப்பாட்டு நேரம்தான். சிம்மக்கல் பக்கம் கோனார் மெஸ்ஸில் கறி தோசை. கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்: கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையை அடித்து விட்டு, அது பாதி வெந்திருக்கும்போதே மசாலாக் கறியைப் பரப்பி, கரண்டியால் அழுத்தி, ஓரமெல்லாம் எண்ணெய் விட்டு ஒரே வீச்சில் திருப்பிப் போடுவார்கள், கறிப்பக்கம் கல்லில் பட்டுக் கருகும் அந்த வாசனை தெருவுக்கே வரும். ஒரு தோசையே இரண்டு பேருக்குப் போதும், தனித்தனியாகச் சொல்லி வீணாக்காதீர்கள். பரோட்டா பிரியர்கள் பன் பரோட்டாவைத் தேடுங்கள், உப்பலாக இருக்கும், சால்னாவில் ஊற வைத்துச் சாப்பிட வேண்டும். 'தூங்கா நகரம்' என்றாலும் எல்லாக் கடையும் விடிய விடியத் திறந்திருக்காது, பதினோரு மணிக்கு மேல் பஸ் நிலையங்களை ஒட்டிய கடைகளைத்தான் நம்ப முடியும்.

கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, 2018ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த தடை. வாசலில் பாதுகாக்க இடம் உண்டு, வரிசையும் உண்டு. ரூம் பக்கத்திலேயே எடுத்தவர்கள் அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம், பக்கத்தில் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரைத் திருவிழா சமயத்தில், அதாவது ஏப்ரல், மே வாக்கில் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன வாடகை எதுவும் செல்லாது. திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே நிரம்பியிருக்கும், ஒரு மாதம் முன்னாடியே ரூம் பேசவில்லை என்றால் திண்டுக்கல்லில் தங்கி வந்து போவதே மேல்.

ஊருக்குக் கொண்டுபோக என்று கேட்டால், ரயில் நிலையம் பக்கம் பிரேமா விலாஸில் அல்வா. பெட்டியில் அடைத்து வாங்குவதற்கு முன்னால் சூடாகக் கொஞ்சம் இலையில் கேட்டு வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள், பெட்டியில் ஊர் போய்ச் சேருவது வேறு அல்வா.