30 டிகிரி பை – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போகிறோம். ஒரு வார இறுதியில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் பாய் ஸ்கவுட் தடத்தில் இரண்டு இரவு தங்கி நடக்கத் திட்டம். எல்லோரும் நேஷனல் சர்வீஸில் 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் போனவர்கள். இந்தத் தடம் 13 கிலோமீட்டர்தான். ஆனால் மழை வரும், பனிகூடக் கொட்டும் என்று நண்பன் பயமுறுத்துகிறான். பாலைவனத்திலா? அருகிலுள்ள டுவென்டிநைன் பாம்ஸ் ஊரில் இரவுக் குளிர் 4 டிகிரி என்று போட்டிருக்கிறது. வாடகைக்கு எடுக்கப்போகும் ஸ்லீப்பிங் பேக் 30 டிகிரி. போதும்தானே?

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. அந்த 30, ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் 1. அதுவும் பெரும்பாலும் தாங்கும் எல்லைதான். சுருண்டு படுத்து விடியும்வரை சமாளிக்கலாம் என்று பொருள். பையின் உள்லேபிளில் ‘கம்ஃபர்ட்’ என்று இன்னொரு எண் இருக்கும், ஐந்தாறு டிகிரி கூடுதலாக. ஏசியை 25-இல் வைத்துவிட்டுப் போர்வை தேடுகிற நமக்கு அந்த எண்தான் கணக்கு. கம்ஃபர்ட் மைனஸ் 5 உள்ள பையைக் கேளுங்கள். நம் எடையில் நசுங்கிவிடுவதால் முதுகுப்பக்கம் பை வேலை செய்யாது. தரைக்குளிரைத் தடுப்பது அடியில் விரிக்கும் மேட். குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் அதன் ‘ஆர்’ மதிப்பு 4-க்குக் குறையக்கூடாது. கிடைக்காவிட்டால் இரண்டை அடுக்குங்கள், மதிப்பும் கூடிவிடும்.

அடுத்தது அந்த 4 டிகிரி. ஊர் இருப்பது சுமார் 600 மீட்டர் உயரத்தில், தடத்தின் தெற்கு முனை 1,200-க்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊரில் 4 என்றால் மேலே பூஜ்யம். ஊரில் மழை பெய்யும்போதே உங்கள் தலையில் பனி விழலாம். மேகமில்லாத இரவென்றால் வறண்ட காற்று நிலத்தின் சூட்டைப் பிடித்துவைக்காது. குளிர்காற்று கனத்து, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். மணல் படுகை படுக்க வசதியாகத் தெரிந்தாலும் அங்கே கூடாரம் போடாதீர்கள். திடீர் வெள்ளத்தின் வழியும் அதுதான்.

பனியைவிட, பனிக்கு முன்னால் வரும் மழைக்குத்தான் அஞ்சவேண்டும். மைனஸ் 5-இல் விழும் பனியை உதறிவிடலாம். 3 டிகிரியில் காற்றோடு பெய்யும் மழை உள்ளாடை வரை போகும். ரூட் மார்ச் உங்களுக்குப் பழக்கியது சூட்டை. இங்கே வியர்வையே எதிரி. தடிமனான ஜாக்கெட்டோடு ஏறினால் உள்ளே நனைந்து, நின்றதும் நடுங்குவீர்கள். லேசாகக் குளிரும்போதே நடக்கத் தொடங்குங்கள். நின்ற கணத்தில் ஜாக்கெட்டைப் போடுங்கள். ஜீன்ஸும் பருத்தி பனியனும் ஈரத்தை விடாது, வீட்டிலேயே இருக்கட்டும். ஃபீல்ட் பேக்கில் எல்லாவற்றையும் ஸிப்லாக்கில் கட்டிய பழக்கம் இங்கே கைகொடுக்கும்: டவுன் எனப்படும் வாத்திறகு அடைத்த பை நனைந்தால் கட்டி தட்டிப்போகும், எனவே தடித்த குப்பைப் பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

ஒருவரால் ஜிப்பை இழுக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால் உடம்புச் சூடு ஆபத்தாக இறங்குகிறது. நடையை அங்கேயே நிறுத்திக் கூடாரம் போடுங்கள். ஈரத்துணியை மாற்றி, மேட் விரித்து அதன்மேல் பைக்குள் படுக்கவையுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாக மைலோ. விஸ்கி கூடாது, தோலுக்கு ரத்தத்தை இழுத்து உடம்புச் சூட்டை வெளியேற்றும். அவர் குழறிக்கொண்டிருக்கும்போதே நடுக்கம் நின்றால், தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிவிட்டது.

தடத்தில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் சுமக்கவேண்டும். இரவில் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும், காலையில் மூடிப்பக்கம் நீராக இருக்கும். நம்மூர் ஸ்டீம்போட் அடுப்பின் நீளக் கேனில் இருக்கும் சாதா பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். எப்படியும் விமானத்தில் எரிவாயு ஏற்ற முடியாது, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததை அங்கே வாங்குங்கள். கேம்ப்ஃபயரை நம்ப வேண்டாம். தடப்பகுதியில் நெருப்பு மூட்டத் தடை. இரவு தங்க அனுமதிச் சீட்டும் வேண்டும்.

நண்பனைத் தெற்கு முனையில் இறக்கிவிடச் சொல்லி, காரை வடக்கு முனையான ‘இண்டியன் கோவ்’ என்ற இடத்தில் நிறுத்துங்கள். வழி மொத்தத்தில் இறக்கம், வெளியேறும் இடத்தில் இரண்டு மூன்று டிகிரி வெப்பமும் கூடுதல். நடுவில் தடம் படுகைக்குள் ஓடும். பனி மூடினால் கால்தடம் தெரியாது. ஆஃப்லைன் வரைபடம் உள்ள ஃபோனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

இன்னொன்று: அங்கே டிசம்பரில் சூரியன் மாலை 4.40-க்கெல்லாம் மறைந்துவிடும். சிங்கப்பூர் போல ஏழு மணி வெளிச்சத்தை நம்பி நடந்தால், ஈரக் கையோடு இருட்டில் கூடாரக்கம்பியைத் தேடுவீர்கள். மூன்றரைக்குள் இடம் பிடியுங்கள். சனிக்கிழமை மழை, காற்று இரண்டும் சேர்ந்தே வரும் என்று வெள்ளி மாலை முன்னறிவிப்பு சொன்னால், ‘இண்டியன் கோவ்’ முகாமிலேயே காருக்குப் பக்கத்தில் கூடாரம் போடப் பாருங்கள்.