ஓசியா 2: பெண்கள் ஐக்கியத்தில் எப்படி விளக்குவது?

அன்புள்ள சகோதரிக்கு,

வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் நூலில், இரண்டாம் அதிகாரத்தில், மனைவியை நிர்வாணமாக்குவேன் என்று கணவன் மிரட்டும் பகுதியைப் பெண்கள் ஐக்கியத்தில் எவ்வாறு வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். கடினமான பகுதிதான், அதன் கடுமையை மழுப்ப வேண்டாம்.

முதலில், அங்கே குற்றம் சாட்டப்படுபவள் ஒரு தனிப்பட்ட பெண் அல்லள், கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் வட இஸ்ரயேல் நாடு; கணவனாகப் பேசுபவர் கர்த்தர். அந்நாட்டின் பயிர் மழையை நம்பியிருந்தது; பாகாலோ மழையையும் புயலையும் ஆளும் தெய்வமாகக் கருதப்பட்டவன். ஆகவேதான் 2:5-இல் அவள் அப்பம், தண்ணீர், ஆட்டுமயிர், பஞ்சு, எண்ணெய், பானம் என்று வீட்டுச் சாமான் பட்டியல் போல அடுக்கி, இவற்றைத் தருபவர்கள் தன் நேசர்களே என்கிறாள். தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் தந்தவர் தாமே என்பதை அவள் அறியவில்லை என்பதே எட்டாம் வசனத்தில் கர்த்தர் சொல்லும் மனக்குறை. அந்நாட்டின் தலைநகரான சமாரியாவில் 1910-இல் கிடைத்த எழுத்துப் பொறித்த ஓடுகளில் கர்த்தரின் பெயரைத் தாங்கிய ஆட்பெயர்களோடு பாகாலின் பெயரைத் தாங்கியவையும் கலந்தே வருகின்றன; ஆகவே மக்கள் கர்த்தரை அடியோடு கைவிட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த உருவகம் ஆண்களையே முதன்மையாகக் குத்துகிறது என்பது என் கருத்து: பலிபீடத்தையும் அரசியலையும் கையில் வைத்திருந்த ஆசாரியர்களும் பிரபுக்களும் இங்கே சோரம்போன மனைவியின் இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள். பெரும்பாலான மொழிபெயர்ப்புகளின்படி 4:14-இல், ஆண்களே வேசிகளோடு போகிறபடியால் மகள்களையும் மருமகள்களையும் தண்டிக்கமாட்டேன் என்கிறார் கர்த்தர். கூட்டத்தில் அந்த வசனத்தை முதலில் வாசித்துவிட்டு, அதன்பின் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள்.